விளையாட்டு வினையாகட்டும்!

(மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவன் ஒருவனின் கருத்து)

“விளையாட்டு வினையாகும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லுவர். சண்டையில் முடியும் விளையாட்டை எண்ணி அவர்கள் அவ்வாறு எச்சரித்தனர். ஆயினும் ‘வினை’ என்னும் சொல்லுக்குச் செயல் என்றும் பொருள் உண்டு. செய்ததன் பயன் என்றும் பொருள் உண்டு. அவ்விரு பொருளிலும் வினையாகக்கூடிய விளையாட்டு ஒன்றை இக்கட்டுரையில் பரிந்துரைக்க விரும்புகிறேன். நகைக்க விரும்புவோர் தாராளமாக நகைக்கலாம். ஆனால் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு நகையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை உருவாக்கி வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஊர் எப்படி இருக்கிறது, எதிரே யார் வருகிறார் என்பதை அவர் சொல்லுவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, “நான் இதைச் செய்கிறேன்” என்பர். செய்தது பலித்ததா, பிசகியதா என்பதைப் பகடை சொல்லும். இதில் வென்றவர், தோற்றவர் என்று இல்லை. கதை வளர்வதே ஆட்டம்.

இவ்வாட்டத்தினர் பெரிதும் விரும்பும் களம், செல்வத்தாலும் களியாட்டத்தாலும் சீர்கெட்ட ஒரு துறைமுக நகரம். ஃபிரிட்ஸ் லைபர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1939 முதல் எழுதிய கதைத் தொடரில் ‘லங்க்மார்’ என்றொரு நகரம் வரும். அங்கே திருடருக்கும் ஒரு சங்கம் உண்டு. 1985-இல் அந்நகரம் இவ்விளையாட்டுக்குரிய நூலாகவும் வெளிவந்தது. எங்கள் விடுதியில் முதலில் அத்தகைய அயல்நாட்டு நகரம் ஒன்றில்தான் ஆடத் தொடங்கினோம். தெருப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அந்த ஊரார் எதற்கு அஞ்சுவர், எதற்கு நாணுவர் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. மூன்றாம் இரவே ஆட்டம் சலித்தது. அப்போதுதான், ‘இதனினும் பெரிய துறைமுகம் ஒன்று நம் பாடநூலில் உறங்குகிறதே!’ என்று தோன்றிற்று.

ஆம், புகார். காவிரி கடலொடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினம்!

பட்டினப்பாலை அதன் பண்டகசாலையைக் காட்டுகிறது. கடல்வழி வந்த குதிரையும், வண்டியில் வந்த மிளகு மூட்டையும், ஈழத்து உணவும், கடாரத்துப் பொருளும் அங்கே குவிந்து கிடக்கின்றன. புலிமுத்திரை பொறித்தே எதுவும் வெளியே செல்லும். சிலப்பதிகாரம் அந்நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரம் வணிகரும் யவனரும் வாழும் மருவூர்ப்பாக்கம். உள்ளே அரசரும் உயர்ந்தோரும் வாழும் பட்டினப்பாக்கம். இடையில் மரங்களே தூண்களாக நிற்கும் நாளங்காடி. இருபத்தெட்டு நாள் இந்திர விழா. மாதவியின் மாலைக்கு விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்! ஒரு கழஞ்சை ஐந்து கிராம் என்று கொண்டாலும் ஐந்து கிலோவுக்கு மேல் ஆகிறது. அம்மாலையை ஒரு கூனி, செல்வ இளைஞர் உலாவும் தெருவில் நின்று விலை கூறினாள். இதனினும் களிமயக்கம் மிக்க நகரை எந்த நாட்டார் கற்பனை செய்துவிட முடியும்?

வியப்புக்குரியது இதன்று. இந்நகரின் நடுவே அறம் காவல் நின்றது. திருடியவனைத் திருடிய மூட்டையோடு ஊரைச் சுற்றவைக்கும் வெள்ளிடை மன்றம். பிணி தீர்க்கும் பொய்கையுள்ள இலஞ்சி மன்றம். நஞ்சுண்டாரும் பித்தேறினாரும் சுற்றிவந்து நலம்பெறும் நெடுங்கல் நின்ற மன்றம். பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் கயிற்றால் கட்டி விழுங்கும் பூதம் நின்ற சதுக்கம். அரசன் முறை தவறினால் வாய் திறவாமல் கண்ணீர் மட்டும் உகுக்கும் பாவை மன்றம். ஐந்து மன்றங்களும் ஆட்ட விதிகளைப் போலவே இருப்பதைக் காணுங்கள்! இளங்கோவடிகளிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது கதையை மட்டுமன்று, இந்த அமைப்பையும்தான்.

நான் கொல்லிமலைக்காரன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். கொல்லிக்கும் ஒரு பாவை உண்டு. தெய்வம் ஆக்கியதென்றும், காற்றும் மழையும் இடியும் தாக்கினும் அழகு குன்றாததென்றும் சங்கப் புலவர் அதனைப் போற்றினர். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறிய கதை நம் இலக்கியத்தில் இருக்கிறது. மலையில் வாழ்ந்தவன் அன்று என்ன நினைத்தான் என்பது இல்லை. புகாரில் கிடந்த மிளகு எந்த மலையில் விளைந்தது என்று புலவர் சொல்லவில்லை. அது கொல்லி மிளகுதான் என்று நான் சாதிக்கவும் மாட்டேன். ஆனால் ஏதோ ஒரு மலையில், யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் அம்மூட்டை சமவெளிக்கு இறங்கியிருக்கும். மூட்டைக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது, முதுகுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் ஆட்டத்தில் முதல் பாத்திரமாக மலையிலிருந்து மிளகு கொண்டுவரும் ஒருவனை வைத்தோம். பகடைக்குத் தாயக்கட்டையே போதுமானதாயிற்று.

ஓர் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் நிகழ்ச்சி ஒன்றைக் களமாக வைத்தேன். கற்புடைய ஒருத்திமேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் கயிற்றால் பிணித்துவிட்டது. அவனைப் பெற்ற தாய் எதிரே நின்று கதறுகிறாள். “என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். வணிகன் மகனாக ஆடியவர், “அவனுக்கு வேண்டியதுதான்” என்றார். யவன வீரராக ஆடியவர் பூதத்தோடு வாட்போருக்குத் தாயக்கட்டையை எடுத்தார். மிளகுக்காரனாக ஆடியவர் எங்கள் மலையைச் சேர்ந்த இயற்பியல் மாணவர். வகுப்பில் வாய் திறவாதவர். சிலப்பதிகாரம் முழுதும் படித்தவரல்லர். நெடுநேரம் பேசாதிருந்து, “அவன் செத்தால் அந்த அம்மாவுக்குச் சோறு யார் போடுவார்? நான் கூட்டிப் போகிறேன்” என்றார்.

அறையில் ஒருவரும் பேசவில்லை. ஏனெனில் காப்பியத்தில் கோவலன் செய்ததும் அதுவே. அவனுக்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வந்தான். பூதம் மறுத்து அப்பொய்யனை உண்டது. கோவலன் அத்தாயையும் அவள் சுற்றத்தாரையும் பல ஆண்டுகள் காத்தான். மாதவியின் மாலைக்குப் பொன்னை வாரி இறைத்தவனும் அவனே. இத்தாயைக் காத்தவனும் அவனே. அவ்விரண்டும் ஒரே மனிதனுள் எப்படிக் குடியிருந்தன என்பதை இரண்டு ஆண்டு பாடத்தில் நான் உணரவில்லை. அன்றிரவு உணர்ந்தேன்.

மறுப்புரைகள் உண்டு என்பதை அறிவேன். காப்பியத்தைக் கேளிக்கையாக்குவதா என்பர். கண்ணகி கதை நாடக மேடைக்கும் வந்தது. 1964-இல் ‘பூம்புகார்’ என்று திரைக்கும் வந்தது. அவற்றால் சிலம்பின் பெருமை குன்றிவிடவில்லையே! கள்ளும் பரத்தையர் சேரியும் உள்ள நகரை மாணவர்க்குக் காட்டுவதா என்பர். அவற்றை அடிகளே காட்டினார். சறுக்கல் இல்லாத தரையில் நடப்பவன் கால் உறுதியானதா என்பதை எப்படி அறிவது? அயல்நாட்டு ஆட்டம் நமக்கெதற்கு என்பர். நம்மிடம் பரமபதம் உண்டு. நல்வினைக்கு ஏணி, தீவினைக்குப் பாம்பு என்பது அருமையான எண்ணம். ஆனால் அங்கே ஏறுவதும் இறங்குவதும் தாயத்தின் கையில். ஆடுகிறவனுக்குத் தெரிவு இல்லை. இவ்வாட்டத்திலோ முதலில் நாம் தெரிவு செய்கிறோம்; அதன் பிறகே பகடை உருளுகிறது. அதனால்தான் இது வினையாகிறது.

தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஆடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் இரவெல்லாம் கைப்பேசித் திரையில் தனித்தனியே சுட்டுக்கொண்டிருப்பதை விட, நால்வர் எதிரெதிர் அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “நீ ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்பது நல்லது என்பது என் துணிபு. தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் கைகோத்தால், மணிமேகலையையும் கீழையூர் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் படகுத் துறையையும் சேர்த்து ஒரு நல்ல கையேட்டை மாணவர்களே எழுதிவிடலாம்.

மகனை இழந்த துயரில் மன்னன் விழாவை மறந்தான். அதனால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. எங்கள் ஆட்டமும் ஒருநாள் அக்கடல்கோளில்தான் முடியும். அதை எல்லாரும் அறிந்தே ஆடுகிறோம். மிளகுக்காரரிடம், “கடல் வரும்போது என்ன செய்வீர்?” என்று அண்மையில் கேட்டேன். “அந்த அம்மாவை மலைக்குக் கூட்டிப் போவேன். எங்கள் ஊர் உயரத்தில்தானே இருக்கிறது!” என்றார்.

இப்படி ஒரு விடை பிறக்குமானால், நண்பர்களே, விளையாட்டு வினையாகட்டும்!