வெறும் புல்தானே!

"சும்மா கிடக்கிறது" என்று நாம் சொல்கிறோமே, அந்த இரண்டு சொற்களைப் போல இந்த நாட்டு மலைகளுக்குக் கேடு செய்த சொற்கள் வேறு இல்லை. வெள்ளைக்காரன் தன் நிலப் பதிவேட்டில் 'வேஸ்ட் லாண்டு' என்று எழுதினான். நாம் அவனைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, அவன் எழுதியதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். உழாத நிலம், கட்டாத நிலம், மரம் வளராத நிலம் எல்லாம் நமக்குத் தரிசு. அதைக் கண்டால் நம் கை அரிக்கிறது.

எனக்கு இந்தக் கோபத்தை மூட்டியவர் என் நண்பர் ஒருவர். பரம சாது, வங்கியில் அதிகாரி, மரம் நடும் சங்கம் ஒன்றுக்குக் காரியதரிசி. சென்ற மார்கழியில் நாங்கள் நான்கு பேர் நீலகிரிக்குப் போய், அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா சிகரம் வரை ஒரு பகல் நடந்து வந்தோம். வனத்துறையில் முன்பதிவு செய்து, அவர்கள் கொடுத்த வழிகாட்டியோடுதான் போக முடியும். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு தோடர் இளைஞர்.

அவலாஞ்சி ஏரியைப் பார்த்ததுமே நண்பர் உருகிவிட்டார். இயற்கை அன்னை தன் முகம் பார்க்க வைத்த கண்ணாடியாம்! அது ஏரியல்ல, அணை. குந்தா மின்திட்டத்துக்காகக் கானடா நாட்டின் உதவியோடு 1956 முதல் கட்டிய அணைகளில் ஒன்று. உதகை ஏரியும் ஸல்லிவன் துரை காலத்தில் வெட்டியதுதான். போகட்டும், கண்ணாடி என்றே வைத்துக்கொள்வோம். அதில் யார் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்பதல்லவா கேள்வி?

ஏறத் தொடங்கினால் முதலில் வருவது சீகை. ஊட்டிக்காரர்கள் சீகை என்பது நம் சீகைக்காய் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். அதன் பட்டை தோல் பதனிட உதவும் என்று பரப்பினார்கள். அதற்கு அண்ணன்போல் நிற்பது கற்பூர மரம். குளிருக்கு விறகு வேண்டும் என்று சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்தது. சுதந்திரம் வந்த பிறகாவது நிறுத்தினோமா? ஐந்தாண்டுத் திட்டங்கள் போட்டு அதிகமாக நட்டோம். 1980களின் இறுதி வரை இந்தத் திருப்பணி நடந்தது. அந்த மரங்களின் நிழலில் நின்று, "என்ன அருமையான காடு!" என்று என் நண்பர்கள் மூச்சை இழுத்து விட்டார்கள்.

அதைத் தாண்டியதும் திறந்த மலை. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், காற்றில் சாய்ந்து சாய்ந்து எழும் புல். மடிப்புகளில் மட்டும், கருங்கம்பளி போர்த்த மாதிரி அங்கங்கே சோலை. காரியதரிசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு இடம் சார், சும்மா கிடக்கிறது! நம் சங்கத்திலிருந்து ஆயிரம் கன்று கொண்டுவந்து வைத்தால் என்ன?"

தோடர் பையன் சிரித்தான். "சார், எருமை வந்து மரத்தையா தின்னும்?" என்றான்.

எருமைக்கு மட்டுமல்ல, தோடர்களின் கோவிலுக்குக் கூரை இந்த மலைப் புல்தான். ஓலைக்கும் ஓட்டுக்கும் அங்கே இடமில்லை. முக்கூர்த்திச் சிகரம் அவர்களுக்கு இறந்தோர் உலகத்தின் வாசல். 'சும்மா கிடக்கிற' இடத்தில் ஒரு ஜனத்தின் கோவிலும் கைலாசமும் இருக்கின்றன.

பக்தி விவகாரம் வேண்டாம், கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. உதகையிலுள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் பெரும்பாலும் புல்லாகவே விட்டு, மற்றதில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். பத்தாண்டுகள் அளந்து பார்த்ததில், மரம் நட்ட சரிவிலிருந்து வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. மரம் உறிஞ்சுகிறது, புல் சேர்த்து வைத்து விடுகிறது. மழையில் நனைந்த பஞ்சு போன்ற அந்தக் கறுப்பு மண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கசிவதுதான் கோடையிலும் ஓடையாகிறது, அணைக்கு வருகிறது, மின்சாரமாகிறது, பவானியாகிறது. 1955-ல் முடிந்த பவானிசாகரை நம்பி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. ஈரோட்டு மிராசுதாரின் வாய்க்காலிலும், என் நண்பரின் வங்கியில் சுழலும் மின்விசிறியிலும் இந்த வெறும் புல்லுக்குப் பங்கு உண்டு.

மரம் மண்ணைப் பிடிக்குமே என்பார்கள். அவலாஞ்சி என்ற பெயரே 1820களில் அங்கே நடந்த ஒரு பெரும் சரிவால் வந்தது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல்! அப்படிப்பட்ட மழையைப் பல்லாயிரம் வருஷமாக வாங்கிப் பழகிய மேனி அது. அதற்கு வைத்தியம் சொல்ல, கோவையிலிருந்து கன்றும் கடப்பாரையுமாக நாம் புறப்படுகிறோம்.

இதில் கதாசிரியர்களாகிய எங்கள் ஜாதிக்கும் பங்கு உண்டு என்று சொல்லத்தான் வேண்டும். பத்திரிகைக் கதைகளில் மலை என்றால் உடனே ஓங்கி வளர்ந்த மரங்கள். கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தடியில் நிற்காமல் எங்கே நிற்பார்கள்? புல்வெளி என்றால் அவர்கள் உட்காரும் பாய், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கொரு தடவை பூக்கும் குறிஞ்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது பூப்பது இந்தத் திறந்த சரிவுகளில்தான், கற்பூரத் தோப்பில் அல்ல என்பதை எழுதுவதில்லை. 2018-ல் பூத்தது, இனி 2030-ல். அதற்குள் அது நிற்க இடம் வைப்போமா?

சீகையைப் பிடுங்கி எறிந்தால் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிக் கிடந்து, வெட்டிய இடத்தில் நூறாய் முளைக்கும். ஒரேயடியாக வெட்டினால் வேறு அந்நியச் செடி புகுந்துகொள்ளும். சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்குவதும் உண்டு. அந்நியக் களைகளை அகற்றவென்று தமிழ்நாட்டு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. வருஷா வருஷம் முளையைப் பிடுங்கும் பொறுமையான வேலை அது. அதற்குத் திறப்பு விழா கிடையாது, மாலை கிடையாது. மந்திரி கையால் ஒரு கன்று நடப் படம் எடுக்கலாம். ஒரு களையைப் பிடுங்க யார் படம் எடுப்பார்கள்?

உச்சியை அடைந்தோம். தொட்டபெட்டாவுக்குச் சில மீட்டர்தான் குறைவு. எதிர்ச் சரிவில் வரையாடுகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநிலத்தின் விலங்கு; 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 இருந்தன. அதற்கு வேண்டியது பாறையும் புல்லும். மரக்கூட்டம் மறைத்தால் அது புலியைப் பார்ப்பது எப்படி? நண்பர் அதையும் படம் பிடித்துக்கொண்டார். ஆயிரம் கன்று யோசனையை மட்டும் விடவில்லை. இறங்கும்போது ஐந்நூறு என்று பேரம் பேசினார்.

அந்த ஐந்நூறையும் அவர் கோவையிலேயே நடட்டும். சாலையை அகலமாக்கவென்று நாம் வெட்டிச் சாய்த்த மரங்களின் இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில் வெயிலில் காய்கிறது. அதுதான் உண்மையில் சும்மா கிடக்கிறது. கூண்டுக்கு நான் பணம் தருகிறேன். தண்ணீர் ஊற்ற ஆள் அவர் பொறுப்பு.