விருதுநகர் போட்ட ஓட்டும் நம் சங்கங்களும்

தேர்தல் வந்துவிட்டால் கடைவீதியில் இரண்டு காட்சிகள் தவறாமல் நடக்கும். வேட்பாளர் கும்பிட்டபடி கடை கடையாக ஏறி இறங்குவார். அன்று மாலையே சங்கக் கட்டடத்தில் அவருக்குச் சால்வை போர்த்தி, "இந்த ஊர் வணிகர்களின் ஓட்டு முழுவதும் உங்களுக்கே" என்று நிர்வாகி ஒருவர் மைக்கில் அறிவித்துவிடுவார். நம்மைக் கேட்காமல் நம் ஓட்டை எடுத்துக் கொடுக்கிறார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொடுப்பதற்கு அவரிடம் சரக்கு இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நமக்கு 1967-ல் விருதுநகர் போட்ட ஓட்டு ஞாபகத்துக்கு வரும்.

விருதுநகரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பருப்பு, மல்லி, வற்றல், எண்ணெய் எதுவானாலும் அந்த ஊர் விலையைப் பார்த்துவிட்டுத்தான் தென் மாவட்டங்களில் மூட்டை பிரிப்போம். வியாபாரிகள் மகமை போட்டும், வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தும் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைதான் காமராஜர். தகப்பனார் தேங்காய் வியாபாரி. மாமாவின் துணிக்கடையில் இவரும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். ஆக, ஊரும் வியாபாரிகள் ஊர், ஆளும் வியாபாரக் குடும்பத்து ஆள்.

1967 பிப்ரவரிப் பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் சேர்த்தே ஓட்டுப்பதிவு நடந்தது. சட்டசபைக்கு விருதுநகரில் காங்கிரஸ் சார்பில் நின்றவர் காமராஜர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர், அப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமராக வந்ததில் பெரும் பங்கு வகித்தவர். எதிரே தி.மு.க. நிறுத்தியது பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெரிய வந்த இளைஞர். போட்டியே இல்லை என்றுதான் கடைவீதியில் பேச்சு. எண்ணி முடித்தபோது சீனிவாசனுக்கு 33,421, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285 ஓட்டு.

இதை வியாபாரிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு தலைகீழ். ஒரு மளிகைக் கடையில் நூறு வீட்டுக்குப் பற்று இருந்தால், வீட்டுக்கு ஒரு ஓட்டு வீதம் ஆறேழு கடையின் பற்று நோட்டுக்குள் அடங்கிவிடுகிற எண்ணிக்கை.

சொந்தப் பிள்ளையைத் தோற்கடித்த நன்றி கெட்ட ஊர் என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. முதலில், தொகுதி என்பது ஊர் மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தது. அடுத்து, ஊருக்கு ஒரு நியாயம் இருந்தது. அது அரிசி.

நமக்கு அப்போது ஏழெட்டு வயது. அப்பாவின் கடை விருதுநகரில் இல்லை, ஆனால் பருப்பும் வற்றலும் அங்கிருந்துதான் வரும். கல்லாவுக்கு மேலே காமராஜர் படம் மாட்டியிருந்தது. 1965-ல் மழை பொய்த்து, நாடு முழுவதும் தானியத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்துகொண்டிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பையும் குறைத்தார்கள். அரிசி வாங்க வந்த பெண்கள் அப்பாவைத் திட்டுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், பிறகு நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். மறுபுறம் அதிகாரிகள் இருப்புப் புத்தகத்தைக் கேட்டு வந்து நிற்பார்கள். ஜனங்களும் சர்க்காரும் சேர்ந்து பதுக்கல்காரன் என்று சொன்ன ஒரே ஆள் கடைக்காரன்தான். பதுக்கியவர்கள் நம்மில் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தார்கள், அவர்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

காமராஜர் 1963-லேயே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிவிட்டார். தட்டுப்பாடு முற்றியபோது கோட்டையில் இருந்தவர் பக்தவத்சலம். ஆனாலும் தேர்தல் மேடைகளில் இருவரையும் அண்ணாச்சி என்று கூப்பிட்டே கடலைப்பருப்பு விலையையும் அரிசி விலையையும் கேட்டார்கள். பற்று ஒருவர் பேரில் எழுதி, வசூல் இன்னொருவரிடம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர் அரிசியாலேயே தோற்றார் என்று அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. ஜெயித்த பின் ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள், மற்ற ஊர்களுக்கு எட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அரிசி இல்லாமல் தமிழ்நாட்டில் தேர்தல் இல்லை. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி. நம் சில்லறை அரிசி வியாபாரம் அதற்கேற்ப மாறிப்போனது நமக்குத்தான் தெரியும்.

வியாபாரிகள் எங்கே தப்புக் கணக்குப் போட்டார்கள் என்பதற்கு வருவோம். தேர்தலுக்கு முன் கட்சிக்காரர்கள் அப்பாவிடம் வந்து "கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் அண்ணாச்சி?" என்று கேட்பார்களாம். "எல்லாம் காங்கிரசுக்குத்தான்" என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, கேட்டவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டது யார்? பற்று நோட்டைக் கையில் வைத்திருக்கிற கடைக்காரன். மேலே மாட்டியிருப்பது காமராஜர் படம். பாக்கி வைத்திருப்பவர் வேறென்ன சொல்வார்? விலையைக் கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே படியிறங்கினார்களே, அதுதான் அசல் பதில். அதைக் காதில் வாங்கினோம், கணக்கில் எடுக்கவில்லை. தொழிலில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த விருதுநகர் வியாபாரிகளும் அப்படித்தான் ஏமாந்திருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

காமராஜர் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று 1,28,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இங்கே தோற்றதைப் போல நூறு மடங்கு! 1971-லும் அங்கேயே ஜெயித்தார். நட்டம் அவருக்கல்ல, விருதுநகருக்குத்தான் என்பாரும் உண்டு.

இத்தனை பெரிய மனிதருக்கே, அவர் பிறந்த ஊரிலேயே, கடைவீதியின் வாக்கு செல்லவில்லை. இன்றைக்கு நம் சங்கங்கள் முன்பின் தெரியாத வேட்பாளர்களுக்கு மொத்த ஓட்டையும் எழுதிக் கொடுப்பது எந்தத் துணிச்சலில்? நம் உறுப்பினர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரே கடையில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. கடையில் நிற்கும் பையனும் மூட்டை இறக்குகிறவரும் நாம் சொல்லி ஓட்டுப் போடப்போவதில்லை, சொல்லவும் கூடாது.

எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு தேர்தலில் இப்படி ஆதரவு அறிவித்தது. அவர் தோற்றார். ஜெயித்தவரிடம் வாறுகால் அடைப்புக்கும், கடைவீதியில் லாரி நிறுத்த இடத்துக்கும் மனுக் கொண்டுபோனபோது வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. ஐந்து வருஷமும் மழைக்கு மழை சாக்கடைத் தண்ணீர் குடோனுக்குள் வந்தது. சால்வை போர்த்திய நிர்வாகியின் குடோன் மேட்டில் இருக்கிறது.

வேட்பாளர்கள் வரட்டும், எல்லோரையும் உட்கார வைத்து டீ கொடுப்போம். ஜி.எஸ்.டி., நகராட்சிக் கடை வாடகை, உணவுப் பாதுகாப்பு லைசென்சு, ஆன்லைன் கம்பெனிகள் அடக்க விலைக்கும் கீழே விற்பது என்று நம் குறைகளை ஒரே தாளில் அடித்து அத்தனை பேரிடமும் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். சால்வையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். சங்கத்தின் பெயரால் எந்தக் கட்சிக்கும் ஆதரவு அறிவிப்பதில்லை என்று எங்கள் ஊரில் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகிகளில் இரண்டு பேருக்கு வருத்தம்தான். வருகிற பொதுக்குழுவில் அது எடுத்துக்கொள்ளப்படும்.