பெரிய மீன் பெருமையா?

கரங்கானிலிருந்து கோலமூடா கரைக்குத் தூண்டிலோடு செல்லும் பெற்றோரே! பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளையோடு படமெடுப்பதை வீரம் என்கிறீர்கள். நான் மறுக்கிறேன்.

சியாக்காப் எனப்படும் கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளில் பெண்ணாக மாறும் இனம். ஆகவே, பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்கள். அவற்றைக் கொன்றுவிட்டு, மீன் குறைந்ததற்கு இழுவைப் படகுகளை மட்டும் பழிப்பது முறையா?

அமெரிக்காவில், அலைகரையில் இறகாலான போலிப்பூச்சியைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' மீன் அருகியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதனைப் பிடிக்கவே தடை விதித்தது. 1995இல் அம்மீன்வளம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது.

நாமும் தடை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? உணவுக்கு நடுத்தர மீன் போதும். தாயை நீரிலேயே விடுங்கள்.

ஆசிரியர்களே, இதனை அறிவியல் வகுப்பில் சொல்லுங்கள். ஆனால், மாணவன் நம்புவது தந்தையின் கையைத்தான்.