குழாய் மாத்திரம் போதாது

மூச்சு விட இயலாத குழந்தையின் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தி உயிர் காப்பது நவீன வைத்தியத்தின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், குழாய் பொருத்தியதுடன் தம் கடமை தீர்ந்ததென்று வைத்தியசாலைகள் கருதுமாயின், அது குழந்தையைப் பாதி வழியில் கைவிட்டதாகவே முடியும்.

பெருமூளை வாதம் முதலிய நோய்களால் விழுங்கும் சக்தி குன்றிய குழந்தைக்கு ஆகாரத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்திவிடலாம். வாயில் ஓயாது ஊறும் உமிழ்நீரை என் செய்வது? அது இரவும் பகலும் மூச்சுக்குழலில் இறங்குகிறது. புரையேறினால் இருமல் வர வேண்டும். இக்குழந்தைகளில் பலருக்கு அதுவும் வருவதில்லை. நிமோனியா மீண்டும் மீண்டும் தாக்கி, நுரையீரல் சிறுகச் சிறுகக் கெடுகிறது. காற்றுப் பையுள்ள குழாய் இதை அடியோடு தடுத்துவிடும் என்று நம்புவோரும் உளர். அது தவறு. பையின் மேல் தேங்கும் நீர் அதன் ஓரமாகக் கசிந்து இறங்கவே செய்யும்.

பரிகாரம் இல்லாமலில்லை. வாயை நாள்தோறும் சுத்தம் செய்தால் இறங்கும் நீரில் கிருமிகளேனும் குறையும். கிளைக்கோபைரோலேட் என்னும் மருந்து சுரப்பைக் குறைக்கும். அளவு மிஞ்சினாலோ சளி கட்டிப்பட்டுக் குழாயையே அடைத்துவிடக்கூடும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பொட்டுலினம் ஊசி போட்டால் சில மாதங்கள் பலன் நிற்கும். சுரப்பிகளை அகற்றுவதும், அவற்றின் நாளங்களைக் கட்டுவதும் அடுத்த படி. ஒன்றுக்கும் அடங்காவிடில், 1975-ல் லிண்டெமன் என்ற நிபுணர் விவரித்ததுபோல, மூச்சு வழியைத் தொண்டையினின்று பிரிக்கும் சஸ்திர சிகிச்சை உண்டு. அதனால் குரல் போய்விடுமாதலால், அது கடைசிப் படியாகவே இருத்தல் வேண்டும்.

இவை யாவினும் முக்கியமானது, நள்ளிரவில் விழித்திருந்து சளியை உறிஞ்சி எடுக்கும் தாயின் கை. குழாய் அடைபட்டால் வைத்தியரை அழைத்து வர அவகாசமிராது. வீட்டில் சுவாச யந்திரத்துடன் வாழும் குழந்தைக்குக் குடும்பத்தில் இருவரேனும் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென 2016-ல் அமெரிக்கத் தொராசிக் சங்கம் விதித்தது. சுவாசக் குழாயுடன் வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்விதி பொருந்த வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆதலால், பயிற்சி பெற்ற இருவர், உறிஞ்சு யந்திரம், மின்சாரம் நின்றால் கையாலோ காலாலோ இயக்கும் கருவி, மாற்றுக் குழாய் ஆகியவை அமையாமல் எக்குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பலாகாது. வாங்க வகையற்ற குடும்பங்களுக்குச் சர்க்காரே இவற்றை அளிக்க வேண்டும். சஸ்திர சிகிச்சைக்குப் பணம் செலவிட்டுவிட்டு, அதன் பலனைக் காக்கும் கருவிக்குக் கை சுருக்குவது சிக்கனமாகாது. இக்குழந்தைகளுக்குக் குரல் இல்லை. அவர்களுக்காகப் பொது ஊழியர்களே வாதாட முன்வர வேண்டும்.