கொடி ஏறிற்று, குடிமகன் எங்கே?

1945 ஆகஸ்டு 17. ஜாகர்த்தாவிலே செம்மையும் வெண்மையும் கொண்ட கொடி ஏறிற்று. நான்காண்டுக் காலம் முரண்டு பிடித்த டச்சு ஏகாதிபத்தியம், 1949 டிசம்பரில் மூட்டை கட்டிற்று. தீவுகள் பல, தேசம் ஒன்று என முழங்கினர் இந்தோனேசியத் தலைவர்கள்.

அந்நாட்டுச் சிறுகதை ஆசிரியரோ, வாழ்த்துப்பாவோடு நின்றாரில்லை. "தேசம் ஒன்று, சரி, அதில் என் இடம் எது?" எனக் கேட்கும் மாந்தரைப் படைத்தனர். விடுதலை வீட்டில் ஒப்பாரியா, இது நாட்டுப் பற்றா என்று ஏசுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு மனிதனைக் காட்டுகிறேன்.

பிரமோத்யா அனந்த தூர்! விடுதலைப் போரில் நின்றதற்காக 1947-இல் டச்சுக்காரன் அவரைச் சிறையிட்டான். வெளிவந்தவர், பிறந்த ஊரைப் பற்றி 1952-இல் 'பிளோராக் கதைகள்' தந்தார். 1957-இல் 'ஜாகர்த்தாக் கதைகள்' தந்தார். தலைநகரத் தெருக்களிலே ஏவலரையும் ஏழையரையும் கண்டார். சுதந்திரம் தட்டாத கதவுகளைக் கண்டார். 1959-இல், சிற்றூர்களில் அயல்நாட்டார் சில்லறை வாணிபம் செய்யலாகாது என்றது அரசாணை. அடிபட்டவர் பெரும்பாலும் சீனர்; தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தோரும் அவருள் அடக்கம். அவர்களுக்காக 1960-இல் நூல் எழுதினார் பிரமோத்யா. பரிசு? சொந்த சர்க்காரின் சிறை! பின்னர் சுகார்த்தோ ஆட்சி, விசாரணையே இன்றி 1965 முதல் 1979 வரை அடைத்தது. அதில் பத்தாண்டு புரு தீவிலே. ஆட்சிகள் மூன்று மாறின, கம்பிகள் மாறவில்லை. சொல்லுங்கள், நாட்டை மறந்தவன் அவரா? அவரை மறந்தது நாடா?

உமர் காயாமின் கதையொன்று, 1972-இல் நூலில் வந்தது. மன்ஹாட்டன் மாடத்திலே நிற்கும் இந்தோனேசியன், விளக்கொளி நடுவே தன் சிற்றூர் மின்மினியை நினைத்து ஏங்குகிறான். அவனுக்காவது திரும்ப ஓர் ஊர் உண்டு. சொந்த ஊரிலேயே அந்நியனாக்கப்பட்டவன் எங்கே திரும்புவான்?

1991 நவம்பர் 12. இந்தோனேசியா ஆக்கிரமித்திருந்த கிழக்குத் திமோரின் திலி நகரிலே, ஊர்வலமாக வந்த மக்களைச் சுட்டது இராணுவம். அதைப் பற்றிய செய்தி வெளியிட்ட இதழில், ஆசிரியர் பொறுப்பை இழந்தார் செனோ குமிரா அஜிதர்மா. செய்தி முடங்கிற்று; கதை எழுந்தது! கண் பறிக்கப்பட்ட சாட்சி, குருதி வழிய நீதிமன்றம் ஏறுகிறான். கண்ணைப் பறித்தார்கள்; கண்டதைப் பறிக்க முடிந்ததா? 2002-இல் கிழக்குத் திமோர் தனிநாடாயிற்று. துப்பாக்கி முனையால் தைத்த தையல் பிரிந்தது.

தோழர்காள்! கொடிக்கு வணங்கு என்று ஆணையிடலாம். இது என் நாடு என்று நெஞ்சு சொல்ல ஆணையிட முடியாது. சோறும் நீதியும் சொல்லுரிமையும் தந்தால், கேளாமலே வரும் அந்தச் சொல். கதாசிரியன் அந்நியத்தை உண்டாக்குபவனல்லன்; இருக்கும் அந்நியத்தை எடுத்துக் காட்டுபவன். அவனைச் சிறையிடும் ஆட்சி, முகத்தில் கறையிருக்கக் கண்ணாடியை உடைக்கும் ஆட்சி. உடைத்தபின்னும் கறை அங்கேதான் இருக்கும்!