உள்ளே மனு, வெளியே அம்பேத்கர்!

1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 14-வது விதி, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அச்சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவராயிருந்த அம்பேத்கருக்கு, 2023 நவம்பர் 26-ல் டில்லி சுப்ரீம் கோர்ட்டில் சிலை திறந்தார்கள். வக்கீல் அங்கியும் கையில் சட்டப் புத்தகமுமாய் நிற்கிறார். சந்தோஷந்தான்.

ஆனால் ஜெய்ப்பூர் ஐக்கோர்ட்டைப் பாருங்கள்! அங்கே அம்பேத்கர் சிலை வெளியே. உள்ளே நிற்பது மனுவின் சிலை! மனு யார்? உயிர்த் தண்டனைக்குரிய குற்றத்தைப் பிராமணன் செய்தால் தலையைச் சிரைத்தால் போதும், சூத்திரன் மேல்சாதியானை வைதால் நாக்கை அறுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னவரல்லவா? 1989-ல் இச்சிலை வைக்கப்பட்டது. அதே வருஷம் அந்தக் கோர்ட்டு ஜட்ஜுகளே கூடி அதை அப்புறப்படுத்தத் தீர்மானித்தார்கள். உடனே ஒரு வழக்கு, ஒரு தடையுத்தரவு. தீர்மானம் காகிதத்தோடு நின்றது, சிலை அசையவில்லை.

“கல்லை வெறுங்கல் என்னும் உங்களுக்கு இதிலென்ன ஆத்திரம்?” என்று சிலர் கேட்கலாம். கல்லுக்குச் சக்தியில்லைதான். வைத்தவர்களுக்கு எண்ணமில்லையா? எவனாவது தன் வீட்டில் வைத்துக் கும்பிட்டால் நாம் கேட்கப் போவதில்லை. இதுவோ எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கும் நியாயஸ்தலம். நியாயம் கேட்டு வரும் தாழ்த்தப்பட்டவன், உள்ளே நடப்பது யாருடைய சட்டம் என்று நினைப்பான்?

ஆகவே அம்பேத்கருக்கு இன்னொரு மாலை வேண்டாம். மனுவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 14-வது விதியை ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் எழுதி வையுங்கள். ஏழை அதைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து உள்ளே போகட்டும்.