பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார்?

திண்டுக்கல் நூல் மில்லில் ஒரு நாள் வேலைக்குப் போனாலும் கேட்டில் ஊரும் பேரும் விசாரிக்கிறார்கள். பஞ்சு மூட்டைக்கு அவ்வளவு காவல்! தாயும் தகப்பனும் ஷிப்டுக்கும் களையெடுப்புக்கும் போனபின், மாதா கோயில் விடுமுறை வகுப்பில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் தொண்டரை யார் விசாரிக்கிறார்கள்? ‘நல்ல குடும்பத்துப் பையன்’ என்ற பேச்சே சான்று.

தோழர்களே, மத நம்பிக்கையை நாம் இங்கே எடுக்கவில்லை. உதகை மறைமாவட்டப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் அமெரிக்காவில் சிறுமியிடம் செய்த பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2015ல் தண்டனை பெற்றார். ஊர் திரும்பியவர் மீதிருந்த தடையை 2016ல் மறைமாவட்டம் நீக்கியது. நீதிமன்றம் தண்டித்தவர் விஷயத்திலேயே இந்தக் கதி.

பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் ஊழியரைப் போலீஸ் மூலம் அவ்வப்போது விசாரிக்க வேண்டும் என்பது 2020 போக்சோ விதி. அது ஊழியர் என்றே பேசுகிறது. சம்பளமில்லாத் தொண்டரைப் பேர் சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான்! பங்குப் பேரவையில் கேளுங்கள்: விசாரித்த பிறகே பொறுப்பு, கதவடைத்த அறையில் எந்தப் பிள்ளையோடும் ஒருவர் தனியே இருக்கக் கூடாது. நம் பாலர் சங்கத்துக்கும் இதே முறைதான். நமக்கு மட்டும் விலக்குக் கேட்க முகம் ஏது?

புகாரைப் பாதிரியாரிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழுள்ளவர் குற்றத்தைச் சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. 1098க்குப் போன் செய்யக் காசு வேண்டாம்.